இடித்தது அவர், போனஸ் போனது எனக்கு

2024 பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒண்டிப்புதூர் சித்தி வீட்டில் முறுக்கும் கச்சாயமும் வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் திருச்சி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. நானும் நின்றேன். ஹேண்ட் பிரேக்கைக்கூட இழுத்துவிட்டேன். "இன்னும் எத்தனை நேரம் ஆகும்"னு அம்மா கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு இடி. பாதி லோடு ஏற்றிய குட்டியானை ஒன்று என் ஸ்விஃப்ட்டின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. டிக்கி உள்ளே மடங்கி, பின் கண்ணாடி நொறுங்கி, பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்கு மாவாகவே திரும்பிப் போயிருந்தது.

ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "அக்கா, பிரேக் புடிச்சனுங்க, நிக்கலீங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அம்மாவுக்குக் கழுத்தில் லேசான பிடிப்பு, வேறொன்றுமில்லை. தவறு யார்மேல் என்பதில் அங்கே கூடிய யாருக்கும் சந்தேகமில்லை, அந்தப் பையனுக்கும்கூட. நின்ற வண்டியை இடித்தாயிற்று, அவ்வளவுதான். அதனால் எனக்கு ஒரு பைசா செலவிருக்காது என்று நினைத்தேன். நான் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், பதினாறு வருடமாக. பாலிசியை மட்டும் ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை.

அரை மணி நேரத்தில் வண்டி ஓனர் வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரரு வரட்டும் அம்மணி, அவருகிட்ட பேசிக்கறேன்" என்றார். வண்டி என் பேரில், ஓட்டியது நான், பாலிசி என் பேரில் என்று சொன்ன பிறகு மூவாயிரம் ரூபாய் எடுத்து நீட்டினார். கூடவே ஒரு வெள்ளைத்தாள். "ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டோம், இனிமே எந்தப் பாத்தியமும் இல்ல"ன்னு ஒரு வரி எழுதிக் கொடுக்கணுமாம். நான் பணமும் வாங்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அன்றைக்கு நான் யோசித்துச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். சேதம் எவ்வளவு என்று தெரியாமல் தெருவில் எழுதிக் கொடுக்கிற அந்த ஒரு வரி, பிறகு எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் நம் முன்னால் வந்து நிற்கும்.

செய்த இன்னொரு காரியம் படம் எடுத்தது. இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போதே, நம்பர் பிளேட் தெரிய, ரோட்டின் கோடு தெரிய, முன்னால் நின்ற வண்டிகளும் தெரிய எடுத்தேன். பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்த ஒரு அண்ணன் தன் போன் நம்பரைத் தானாகவே கொடுத்தார். குட்டியானையின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்ததில் அதற்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டுமென்றால் போடலாம், ஆனால் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக் கொடுத்த பிறகுதான் எடுக்க முடியும், பொங்கல் லீவு வேறு என்று எடுத்துச் சொன்னார்கள். அம்மாவுக்கு எலும்பு முறிவோ பெரிய அடியோ இருந்தால் நான் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வந்திருக்கக் கூடாது. தகரம் மட்டும்தான் என்பதால் ரசீதோடு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பார்க்கிறவர், எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் க்ளெய்ம் எதுவும் போட்டதில்லையே கண்ணு? இந்தத் தடவை போனஸ் அம்பது பர்சென்ட் வந்திருக்கணுமே?"

"வரும்ல?"

"க்ளெய்ம் போட்டா ஜூன்ல பாலிசி புதுப்பிக்கறப்ப ஜீரோதான்."

"அண்ணா, நான் நின்னுட்டு இருந்தேன். அவன்தான் வந்து இடிச்சான்."

"அது சரி கண்ணு. அதுக்குப் பேரு நோ க்ளெய்ம் போனஸ். தப்பு யாரு மேலன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்லை."

பதினாறு வருடம் கணக்கு எழுதியவளுக்கு இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்தப் பெயரைப் பிரீமியம் ரசீதில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஒழுங்காக ஓட்டுகிறவருக்குக் கொடுக்கிற பரிசு என்றே மனதில் பதிந்திருந்தது. அது பணம் கேட்டு வராதவருக்குக் கொடுக்கிற தள்ளுபடி. கம்பெனி நமக்காகக் காசு எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. இடித்தது குட்டியானையா, வேப்பமரக் கிளை விழுந்ததா, வெள்ளத்தில் மூழ்கியதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"சரி, நம்ம கம்பெனி அவங்க கம்பெனிகிட்ட வாங்கிக்கலாமே" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அவங்கவங்க வண்டிய அவங்கவங்க பாத்துக்கறதுன்னு கம்பெனிகளுக்குள்ள ஒரு ஏற்பாடு கண்ணு. இன்னைக்கு உன் வண்டி, நாளைக்கு அவங்க வண்டி. ஒருத்தரு மேல ஒருத்தரு கேசு போட்டுட்டுத் திரிய மாட்டாங்க." கம்பெனிகளுக்கு அது நியாயமான ஏற்பாடாகவே இருக்கலாம். நடுவில் என் போனஸ் போகிறதே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்த போனஸ் எப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்குப் பிறகு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. அதற்கு மேல் ஏறாது. ஏணியில் ஐந்து படி. ஒரே ஒரு க்ளெய்ம், மறுபடியும் தரையில். இந்தத் தள்ளுபடி நம் வண்டியின் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியத்துக்கு மட்டும்தான், நம் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்குக் கிடையாது. அது அரசு நிர்ணயிக்கிற தொகை. என்னுடையது 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி.க்குள் வருகிற வண்டி என்பதால் 2024இல் 3,416 ரூபாய். யார் எப்படி ஓட்டினாலும் அதேதான்.

சனிக்கிழமை ராத்திரி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். க்ளெய்ம் போடாமல் இருந்தால் வருகிற ஜூனில் 50 சதவீதம், அதற்குப் பிறகும் வருடா வருடம் 50. போட்டால் ஜூனில் பூஜ்யம், அடுத்தடுத்து 20, 25, 35, 45, ஆறாவது தடவைதான் மறுபடியும் 50. ஒவ்வொரு வருடமும் இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125. அதாவது ஏணியின் உச்சியில் இருக்கிறவர் ஒரு க்ளெய்ம் போட்டால், தள்ளுபடிக்கு முந்தைய ஒரு வருட ஓ.டி. பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கை ஐந்து வருடத்தில் தவணையாகத் திருப்பிக் கட்டுகிறார். என் வண்டிக்கு அந்தப் பிரீமியம் 8,500 ரூபாய். ஒன்றேகால் மடங்கு 10,625. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வண்டியின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் இறங்கும் என்பதால் மொத்தத்தில் ஒரு பதினோராயிரம் என்று வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே இருக்கிற சேதத்துக்கெல்லாம் க்ளெய்ம் போடுவது என்பது, நம் காசையே கடனாக வாங்கி நாமே அடைப்பது மாதிரி. உங்கள் பாலிசியைப் பிரித்து ஓ.டி. பிரீமியம் எவ்வளவு என்று பாருங்கள். போனஸ் கழிப்பதற்கு முந்தைய தொகையைப் பார்க்க வேண்டும், கழித்த பிறகு வருவதை அல்ல.

எனக்கு வந்த எஸ்டிமேட் 38,400. ஆகவே க்ளெய்ம் போடுவதுதான் சரி என்று முடிவாயிற்று. ஆனால் அந்த 38,400ம் வந்துவிடவில்லை.

வண்டியைப் பட்டறையில் விட்டு, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வருகிற வரைக்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தோம். பொங்கல் முடிந்து வந்தார். நல்ல மனிதர், பொறுமையாக வரி வரியாக விளக்கினார். பம்பர், கிளிப், பின் விளக்கு என்று பிளாஸ்டிக் கணக்கில் வந்தது 9,200. பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதிதான் தருவார்கள், வண்டி புதுசோ பழசோ. டிக்கிக் கதவும் பின் பேனலும் 11,000. இரும்புக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு. 2019 ஜூனில் வாங்கிய வண்டி நான்கு வருடம் தாண்டிவிட்டதால் 35 சதவீதம் போனது. கண்ணாடி 3,800, அதற்குக் கழிவே இல்லை. பெயிண்டிங் 8,000. இதில் கால் பங்கைப் பெயிண்ட் சாமான் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிக்கிறார்கள், ஆக ஆயிரம் போயிற்று. லேபர் 6,400 முழுசாக. கழிவு மொத்தம் 9,450. இதற்குமேல், எந்தக் க்ளெய்மிலும் நாம் போட்டே ஆகவேண்டிய கட்டாயத் தொகை ஒன்று இருக்கிறது. 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு அது 1,000. ஆகக் கம்பெனி கொடுத்தது 27,950, என் கையிலிருந்து 10,450.

"கழிவு பிடிக்காத ஜீரோ டெப் கவர் எடுத்திருந்தீங்கன்னா இந்த ஒம்பதாயிரத்துச் சொச்சம் உங்களுக்கு மிச்சம் மேடம்" என்றார் சர்வேயர். எடுத்துத்தான் இருந்தேன், நான்கு வருடம். 2023 ஜூனில் புதுப்பிக்கும்போதுதான், "எதுக்கு, நாலு வருஷமா ஒரு கீறல்கூட இல்லையே" என்று நானே வேண்டாமென்று சொன்னேன். அதில் மிச்சம் பிடித்தது ஆயிரத்து அறுநூறு. இதை அவரிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கைக்காசு 10,450, வருங்காலத்தில் போகிற போனஸ் சுமார் 11,000. என் தவறே இல்லாத ஒரு விபத்துக்கு நான் கொடுத்த விலை இருபத்தோராயிரத்துக்கும் மேல். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. "ஃபுல் கவர் இருக்கில்ல, அப்புறம் என்ன" என்பார்கள்.

இடித்தவரிடம் வாங்க வழியே இல்லையா? இருக்கிறது. அவருடைய தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இருப்பதே இதற்குத்தான். பிறர் உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை அதில் இடமுண்டு. ஆனால் நேராக அந்தக் கம்பெனி கவுண்டரில் போய்ப் பில்லை நீட்டி வாங்க முடியாது. மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகனைக் கேட்டேன். "எஃப்.ஐ.ஆர். இருக்காக்கா?" என்றான். சி.எஸ்.ஆர். இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: எஃப்.ஐ.ஆர்., வாகன ஆய்வாளர் அறிக்கை, பில், சாட்சி என்று எல்லாம் கோத்து 2019 திருத்தம் சொல்கிற ஆறு மாதக் கெடுவுக்குள் மனு போட வேண்டும், உன் கம்பெனி கொடுத்த தொகையை மறுபடியும் நீ கேட்க முடியாது, மிச்சத்தை மட்டும்தான் கேட்கலாம், அந்தப் பத்தாயிரத்துக்கு நீ எத்தனை வாய்தாவுக்கு லீவு போடுவாய் என்று. நான் விட்டுவிட்டேன். அந்த ஓனருக்கு நாலைந்து முறை போன் செய்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து எடுக்கவில்லை. மூவாயிரத்தை வாங்கியிருக்கலாமோ என்று என் கணவர் இன்றைக்கும் அவ்வப்போது கேட்பார்.

ஆனால் வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் விட்டுவிட்ட அந்த வழிதான் ஒரே வழி. அப்படிப்பட்டவர்கள் இடிபட்ட அன்றே எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்கிவிட வேண்டும், வண்டி நாலு நாள் ஸ்டேஷனில் நின்றாலும் பரவாயில்லை. பத்து வருடப் பழைய காருக்கு எதற்கு ஃபுல் கவர் என்று விட்டவர்கள் நம் வீதியிலேயே எத்தனை பேர்!

இதில் குழப்பம் தரும் ஒரு சொல் இருக்கிறது. தவறு நம்மேல் இல்லையே என்று இணையத்தில் 'நோ ஃபால்ட்' என்று தேடினால் நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164வது பிரிவுதான் முதலில் வந்து நிற்கும். அது வேறு விஷயம். சாவுக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. நசுங்கிய டிக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லண்டனில் இருக்கும் தம்பியிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவனுக்கும் முந்தின வருடம் இதே கதை, நின்றபோது பின்னாலிருந்து இடி. அங்கே இடித்தவரின் கம்பெனியிடமிருந்து இவன் கம்பெனி மொத்தத்தையும் வசூலித்துவிட்டதால் இவன் போனஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரவாயில்லையே என்று நான் சொல்வதற்குள், "ஆனா பிரீமியம் ஏறிடுச்சு" என்றான். தவறு இவன்மேல் இல்லை என்றாலும் நடந்த விபத்தைச் சொல்லியாக வேண்டுமாம். பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து வருடக் கணக்கு கேட்கிறார்களாம். இடிபட்டவன் மறுபடியும் இடிபடும் இடத்தில்தான் ஓட்டுகிறான் என்பது அவர்கள் ஊகம். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. தினமும் திருச்சி ரோட்டில் போகிறவளை அவர்கள் என்னவென்று நினைப்பார்களோ.

ஜூனில் புதுப்பிக்கிற நேரம் வந்தது. ஓ.டி. 8,500, தேர்டு பார்ட்டி 3,416, ஜி.எஸ்.டி.யோடு 14,061. போனஸ் இருந்திருந்தால் 9,046. அந்த வாரத்தில் அலுவலகத்தில் ஒருவர் ரகசியம் மாதிரி ஒரு யோசனை சொன்னார்: "வேற கம்பெனிக்கு மாறிடுங்க. க்ளெய்ம் போட்டீங்களான்னு கேக்கற இடத்துல இல்லைன்னு டிக் பண்ணுங்க. யாரு பாக்கப் போறா?" ஆன்லைனில் அது ஒரு விரல் தட்டு வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் நம் வண்டிக்கான பாதுகாப்பு முழுவதையும் இழப்போம் என்று நாமே உறுதிமொழியில் ஒப்புக்கொண்டிருப்போம். அது தெரியவருவது பெரும்பாலும் அடுத்த விபத்தில், கார் நொறுங்கிப் பட்டறையில் நிற்கும்போது. ஐயாயிரத்துக்காக நாலு லட்ச ரூபாய் வண்டியை வெறுங்கையோடு நிறுத்த எனக்கு மனமில்லை.

போனஸைக் காக்கிற கூடுதல் கவர் ஒன்று இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. வருடத்துக்கு ஒரு க்ளெய்ம், சில கம்பெனிகளில் இரண்டு, போட்டாலும் படி இறங்காது. உற்சாகமாக ஏஜென்ட்டிடம் கேட்டேன். "இப்ப காக்கறதுக்கு என்ன கண்ணு இருக்கு? பூஜ்யத்தையா?" என்றார். படி ஏறிய பிறகு வாங்கவேண்டிய பொருள் அது. 45, 50இல் இருக்கிறவர்கள் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதன் விலையைக் கேட்டு, உங்கள் ஓ.டி. பிரீமியத்தின் ஒன்றேகால் மடங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை ஜீரோ டெப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜீரோ டெப் கழிவைப் பார்த்துக்கொள்ளும், இது போனஸைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் இல்லாமல் இடி வாங்கியவள் நான்.

இன்னொன்று. போனஸ் வண்டிக்கு உரியதில்லை, ஆளுக்கு உரியது. பழைய காரை விற்கும்போது கம்பெனியிடம் போனஸுக்குக் கடிதம் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் வாங்குகிற புதுக் காருக்கு அது வரும். அதேபோலப் பாலிசி முடிந்து தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், ஒரு க்ளெய்மும் போடாமலே ஐந்து படியும் போய்விடும். எங்கள் பெரியப்பா அப்படித்தான் 50 சதவீதத்தை மறதியில் தொலைத்தார்.

2025 ஜூனில் எனக்கு 20 சதவீதம் வந்தது. ஏஜென்ட் போன் செய்து, "முதல் படி ஏறியாச்சு கண்ணு" என்றார். ஆகஸ்டில் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் யாரோ டிரைவர் பக்கக் கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கேமராவில் தெரியவில்லை. பட்டறையில் 4,200 கேட்டார்கள். "இன்சூரன்ஸ்ல போட்டுறலாமுங்களா?" என்றார் டிங்கர். வேண்டாமென்று சொல்லிவிட்டு ஜிபேயைத் திறந்தேன்.